கழிவெளியும் பஞ்சமி நிலமும்: யாருடைய வீட்டுக்கு அனுமதி?



1994 அக்டோபர் 10 அன்று, காரணைப் பஞ்சமி நிலத்தை மீட்டுத் தரக் கேட்டுச் செங்கல்பட்டில் திரண்ட நம் மக்கள் மீது காவல்துறை சுட்டது. ஜான் தாமஸும் ஏழுமலையும் உயிரிழந்தார்கள். அந்த இருவரின் நினைவில் கூடியிருக்கிறோம். அவர்கள் எந்தக் கேள்வியைக் கேட்டு நின்றார்களோ, அந்தக் கேள்வி இன்றைக்கு எந்த இடத்தில், எந்த அலுவலகத்தின் எந்த மேசையில் கிடக்கிறது என்று தேடிப் பார்ப்பதே அவர்களுக்கு நாம் செய்யும் மரியாதை என்று நினைக்கிறோம். தேடிப் போன வழியில் நாங்கள் வந்து சேர்ந்த இடம் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம்.

பஞ்சமி நிலத்துக்கும் சதுப்பு நிலத்துக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். அழைப்பிதழைப் பார்த்த தோழர் ஒருவர் எங்களிடம் அப்படித்தான் கேட்டார். "பறவை பார்க்கிறவங்க பேச வேண்டியதை நாம ஏன் பேசணும்?" என்றார். இந்தப் பேச்சு முழுவதும் அவருக்கான பதில்தான்.

மூன்றாம் நாள்

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கடந்த மூன்றாம் நாள், பால் பாக்கெட்டும் மெழுகுவத்தியும் தண்ணீர்க் கேனுமாக நாங்கள் சிலர் சதுப்பு ஓரத்தில் உள்ள ஒரு மறுகுடியமர்வுக் குடியிருப்புக்குப் போனோம். இடுப்பளவுத் தண்ணீரில் நடந்து போக வேண்டியிருந்தது. மேலே போனால் மின்சாரம் இல்லை, லிஃப்ட் இல்லை, குழாயில் தண்ணீர் இல்லை. ஆறாவது மாடியில் ஓர் அக்கா, கைக்குழந்தையோடு படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். கூவம் கரையில் பிறந்து வளர்ந்தவர். 2015 வெள்ளத்துக்குப் பிறகு இங்கே கொண்டு வரப்பட்டவர்.

"ஆத்தோரம் இருந்தா வெள்ளத்துல செத்துடுவீங்கன்னு சொல்லித்தான் லாரில ஏத்துனாங்க. இப்ப கீழ பாரு தம்பி, ரோடா ஓடுது? ஆறுதான ஓடுது" என்றார்.

அவர் எதிரே கையை நீட்டிக் காட்டினார். சற்று தூரத்தில், உயர்த்திக் கட்டப்பட்ட மண்மேட்டின் மேல் ஒரு புதிய அடுக்குமாடி வளாகம். ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது, விளக்குகள் எரிந்தன. அந்த அக்கா அங்கேதான் வீட்டு வேலைக்குப் போகிறார். "அவங்க எடத்த ஒசத்திக்கிட்டாங்க. தண்ணி எங்கதான் போவும்? எங்க கிட்டதான் வரும்" என்றார்.

சமூகவியல் வகுப்பறையில் நாம் படித்த எத்தனையோ பக்கங்களை அந்த அக்கா இரண்டு வரியில் சொல்லிவிட்டார். அந்த மேடு அங்கே எப்படி வந்தது, அந்த அக்கா இங்கே எப்படி வந்தார் என்ற இரண்டு கேள்விகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இரண்டுக்கும் அரசு காகிதம் உண்டு. ஒன்றின் பெயர் திட்ட அனுமதி. மற்றொன்றின் பெயர் ஒதுக்கீட்டு ஆணை.

கழிவெளி என்ற நிலம்

பள்ளிக்கரணையைப் பழைய ஆட்கள் கழிவெளி என்பார்கள். தென்சென்னையில் ஏறத்தாழ 250 சதுர கிலோமீட்டர் பரப்பில் பெய்யும் மழை, ஏரி ஏரியாக நிரம்பி வழிந்து இந்தப் பள்ளத்துக்கு வருகிறது. இங்கே தேங்கி, பரவி, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் இறங்கி, கோவளம் முகத்துவாரத்தில் கடல் சேர்கிறது. அதாவது இது நகரத்தின் வடிகால். கோரை அறுத்தவர்கள், மீன் பிடித்தவர்கள், மாடு மேய்த்தவர்கள் இதைப் பயன்படுத்தினார்கள். வருவாய்க் கணக்கில் இது புறம்போக்கு.

புறம்போக்கு என்றால் வரி விதிக்காமல் வெளியே வைக்கப்பட்ட பொது நிலம் என்றுதான் பொருள். அதையே நம் ஊரில் ஆளைத் திட்டும் சொல்லாக ஆக்கிவிட்டார்கள். வரி வராத நிலம் வீண் நிலம், பட்டா இல்லாத மனிதன் வீண் மனிதன். இந்த இரண்டு கணக்கும் ஒரே நோட்டில் எழுதப்பட்டவை.

வீண் நிலம் என்று எழுதிய பிறகு அதில் எதை வேண்டுமானாலும் கொட்டலாம். முதலில் குப்பையைக் கொட்டினார்கள். பெருங்குடிக் குப்பைக் கிடங்கு இந்தச் சதுப்புக்குள்தான் இருக்கிறது. அந்தக் குப்பையை அள்ளிக் கொண்டுவந்து கொட்டியவர்கள் யார், அதில் நின்று பொறுக்கியவர்கள் யார் என்பதை இந்த அரங்கில் விளக்க வேண்டியதில்லை. பிறகு மத்திய அரசின் ஆய்வு நிறுவனங்கள் வந்தன, ரயில் பாதை வந்தது, துரைப்பாக்கம் பல்லாவரம் 200 அடிச் சாலை சதுப்பைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போனது, பழைய மாமல்லபுரம் சாலையில் தகவல் தொழில்நுட்பப் பூங்காக்கள் வந்தன. ஐயாயிரம் ஹெக்டேருக்கு மேல் பரந்து கிடந்த சதுப்பு, ஐம்பது ஆண்டுகளில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குச் சுருங்கியது.

பிறகு பாதுகாப்பு வந்தது. 2007இல் 317 ஹெக்டேர் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. பின்னர் அது ஏறத்தாழ 700 ஹெக்டேராக விரிந்தது. 2022இல் ஏறத்தாழ 1,248 ஹெக்டேர் பரப்பு ராம்சார் தலமாக, அதாவது பன்னாட்டு முக்கியத்துவம் உள்ள ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது.

இந்த இரண்டு எண்களையும் மாணவர்கள் குறித்துக்கொள்ளுங்கள். 1,248இலிருந்து 700ஐக் கழித்தால் ஏறத்தாழ 550 ஹெக்டேர். ராம்சார் வரைபடத்துக்குள் இருக்கிறது, காப்புக்காட்டுக்குள் இல்லை. அதற்குள் பட்டா நிலங்களும் இருக்கின்றன. இன்றைய சண்டை முழுவதும் இந்த இடைவெளிக்குள்ளும் இதன் விளிம்பிலும்தான் நடக்கிறது.

அனுமதி எப்படி வாங்கப்படுகிறது

சட்டத்தை மீறிக் கட்டுகிறார்கள் என்று நாம் மேடையில் பேசிவிடுகிறோம். பல நேரங்களில் சட்டம் மீறப்படுவதில்லை. ஒவ்வொரு காகிதமும் சரியாக இருக்கிறது. எல்லாக் காகிதங்களையும் சேர்த்து அடுக்கும்போதுதான் சதுப்பு காணாமல் போகிறது. அது எப்படி என்று படிப்படியாகப் பார்ப்போம்.

முதல் படி, நிலப் பதிவு. புறம்போக்காக இருந்த இடம் உட்பிரிவு செய்யப்பட்டு ஏதோ ஒரு காலத்தில் பட்டாவாக மாறியிருக்கும். கை மாறி, கை மாறி, கடைசியில் கட்டுமான நிறுவனத்தின் கையில் இருக்கும்போது வில்லங்கச் சான்றில் பழைய கதை எதுவும் இருக்காது.

இரண்டாம் படி, நில உபயோகம். 2008இல் நடைமுறைக்கு வந்த சென்னையின் இரண்டாவது முழுமைத் திட்டம் ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் குடியிருப்பு, வணிகம், விவசாயம், திறந்தவெளி என்று ஒரு நிறம் கொடுத்தது. பள்ளிக்கரணைச் சதுப்புப் பகுதிக்குத் தனிக் கட்டுப்பாடும் வைத்தது. ஆனால் நிறத்தை மாற்றவும் அதே சட்டத்தில் வழி இருக்கிறது. விண்ணப்பம், பத்திரிகையில் பொது அறிவிப்பு, ஆட்சேபம் கேட்பு, குழுவின் பரிந்துரை, அரசிதழ். விவசாய நிறம் குடியிருப்பு நிறமாகிவிடும். அந்தப் பொது அறிவிப்பை நம்மில் யாராவது படித்திருக்கிறோமா? சர்வே எண்களின் நீண்ட வரிசையாக ஒரு மூலையில் வரும். ஆட்சேபம் சொல்ல நாள் கணக்கு உண்டு. அந்த நாளில் நாம் வேலைக்குப் போயிருப்போம்.

மூன்றாம் படி, தடையின்மைச் சான்றுகள். தீயணைப்பு, போக்குவரத்துக் காவல், விமான நிலையம், நீர்வளம் என்று ஒவ்வொரு துறையும் தன் பங்கை மட்டும் பார்த்துச் சான்று தரும். தாழ்வான இடம் என்றால், தரையை இவ்வளவு உயரத்துக்கு மண் கொட்டி உயர்த்திக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு சான்று வரும். அந்த அக்கா காட்டிய மேடு இப்படித்தான் வருகிறது. உயர்த்திய இடத்திலிருந்து தள்ளப்படும் தண்ணீர் எந்தச் சேரிக்குள், எந்த வாரியக் குடியிருப்புக்குள் போகும் என்று கணக்குப் போட எந்தத் துறைக்கும் அந்தப் படிவத்தில் இடமில்லை.

நான்காம் படி, சுற்றுச்சூழல் அனுமதி. 20,000 சதுர மீட்டருக்கு மேல் கட்டினால் 2006ஆம் ஆண்டு அறிவிக்கையின்படி அது தேவை. சுரங்கத்துக்கோ அனல்மின் நிலையத்துக்கோ மக்களைக் கூட்டிக் கருத்துக் கேட்க வேண்டும். அடுக்குமாடித் திட்டத்துக்கு அது வேண்டாம் என்று அதே அறிவிக்கை விலக்கு அளித்திருக்கிறது. ஆயிரம் வீடு பக்கத்தில் எழும்பினாலும் பக்கத்தில் இருப்பவரை ஒரு வார்த்தை கேட்க வேண்டியதில்லை.

இந்த நான்கு படிகளுக்கும் நடுவில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. 2017ஆம் ஆண்டு ஈரநில விதிகள் ஈரநிலத்தை வேறு பயன்பாட்டுக்கு மாற்றுவதையும் அதற்குள் நிரந்தரக் கட்டுமானத்தையும் தடை செய்கின்றன. நல்ல விதி. ஆனால் எது ஈரநிலம், அதன் எல்லை எந்த சர்வே எண்ணில் தொடங்கி எதில் முடிகிறது, அதன் தாக்கப் பகுதி எதுவரை என்பதைக் களத்தில் அளந்து பதிவேட்டில் ஏற்றினால்தானே விதி வேலை செய்யும்? அளக்கும் வேலை ஆண்டுக் கணக்கில் இழுக்கப்படும்போது, அனுமதி வழங்கும் வேலை மட்டும் நிற்காமல் நடக்கிறது. 2025 செப்டம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு, அளந்து முடிக்கும்வரை ராம்சார் பகுதிக்குள்ளும் அதைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்கும் புதிய அனுமதி கூடாது என்று சொல்ல வேண்டி வந்தது. அடுத்த மாத இறுதியில், பெரும்பாக்கத்தில் அனுமதி பெற்றுவிட்ட ஓர் அடுக்குமாடித் திட்டத்தின் கட்டுமானத்துக்குச் சென்னை உயர்நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அனுமதிக் காகிதம் முழுமையாக இருந்த திட்டம் அது.

நாங்களும் ஓர் அலுவலகத்துக்குப் போய், சதுப்பின் எல்லைக்கான சர்வே எண் பட்டியல் கேட்டோம். எழுத்தர் நிமிர்ந்து பார்த்து, "நீங்க பில்டரா, கட்சிக்காரங்களா?" என்றார். இரண்டும் இல்லை, பக்கத்தில் குடியிருப்பவர்கள் என்றோம். அவர் சிறிது நேரம் யோசித்துவிட்டு, "அப்படி யாரும் வந்து கேக்கறதில்லையே" என்றார். அவர் சொன்னதில் பொய்யில்லை. கேட்கப் போகாமல் இருந்தது நம் குறையும்தான்.

நம்மவர்கள் எப்படி வந்தார்கள்

இனி இரண்டாவது கேள்வி. 1970இல் குடிசை மாற்று வாரியம் அமைந்தது. 1971இல் குடிசைப் பகுதிகள் சட்டம் வந்தது. குடிசைப் பகுதியை முதலில் அறிவிக்க வேண்டும், அங்கேயே மேம்படுத்த வேண்டும், முடியாவிட்டால்தான் அகற்ற வேண்டும் என்பது அந்தச் சட்டத்தின் அடிப்படை. தொடக்க ஆண்டுகளில் வாரியம் நகரத்துக்குள்ளேயே வீடு கட்டியது. மெரினா ஓரத்திலும் மந்தைவெளிப் பக்கத்திலும் இன்றும் அந்தக் குடியிருப்புகள் இருக்கின்றன. பிறகு நகரத்தின் மனை விலை ஏறியது. அறிவிக்கப்படாத குடிசைப் பகுதி என்பதே நம் மக்கள் வாழும் இடங்களுக்கு நிரந்தரப் பெயராகிவிட்டது. அறிவிக்கப்படாததால் அது ஆக்கிரமிப்பு, ஆக்கிரமிப்பு என்பதால் அகற்றலாம்.

2000ஆம் ஆண்டு முதல் கண்ணகி நகர் நிரம்பத் தொடங்கியது. அடுத்து செம்மஞ்சேரி, எழில் நகர், பெரும்பாக்கம். கண்ணகி நகரில் 15,000க்கும் மேல், பெரும்பாக்கத்தில் 23,000க்கும் மேல் வீடுகள். தொடக்கத்தில் கட்டப்பட்டவை 200 சதுர அடிக்கும் குறைவு. இவை அனைத்தும் இந்தச் சதுப்பின் விளிம்பிலும் அதன் வெள்ளப் பாதையிலும் இருக்கின்றன. சிந்தாதிரிப்பேட்டையிலிருந்தும் சேத்துப்பட்டிலிருந்தும் கிரீம்ஸ் சாலையிலிருந்தும் 20 கிலோமீட்டருக்கு அப்பால், பள்ளி ஆண்டின் நடுவில், வேலை போய், ரேஷன் அட்டை மாறி வந்தவர்கள். கொண்டுவரப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் தலித்துகள். ஊருக்கு வெளியே சேரி என்பது கிராமத்தின் அமைப்பு மட்டும்தான் என்று நம்பி நகரத்துக்கு வந்த நம் பாட்டன் பூட்டன்களின் பேரப்பிள்ளைகளுக்கு, நகரமும் எட்டு மாடியில் ஒரு சேரியைக் கட்டிக் கொடுத்திருக்கிறது.

கவனியுங்கள். கூவத்தையும் அடையாற்றையும் சீரமைக்க வேண்டும், நீர்வழியில் வீடு இருக்கக் கூடாது என்பது அகற்றியதற்குச் சொன்ன காரணம். அகற்றிக் கொண்டுவந்து வைத்த இடமும் நீர்வழி. நீரைக் காப்பதுதான் நோக்கம் என்றால் இது நடந்திருக்க முடியாது. நகரத்தின் நடுவில் இருந்த நிலத்தின் விலைதான் நோக்கம் என்றால், நடந்தது எல்லாம் விளங்கிவிடும்.

தோழரின் கேள்விக்குப் பதில்

இப்போது அந்தத் தோழரிடம் வருகிறோம். அவருடைய சந்தேகம் நியாயமானது. சுற்றுச்சூழல் என்ற சொல் நம் மக்களுக்கு எப்போதும் புல்டோசரோடு சேர்ந்தே வந்திருக்கிறது. 2000ஆம் ஆண்டு டில்லிக் குப்பை தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம், பொது நிலத்தில் குடியேறியவருக்கு மாற்று இடம் தருவதைப் பிக்பாக்கெட்காரனுக்குப் பரிசு தருவதோடு ஒப்பிட்டது. 1985இல் பம்பாய் நடைபாதைவாசிகள் வழக்கில் பிழைப்புரிமையை உயிர்வாழும் உரிமையின் பகுதியாகப் பார்த்த அதே நீதிமன்றம்தான் இது. ஆற்றோரக் குடிசையை இடிக்கும்போது கைதட்டிய பசுமை ஆர்வலர்களும் உண்டு.

சரி, அதனால் நாம் என்ன செய்வது? 'எங்களுக்கும் வீடு வேண்டும், சதுப்பு எக்கேடு கெட்டால் என்ன' என்று சொல்லலாமா? வீட்டுத் தேவையைக் காட்டித்தான் கட்டுமான நிறுவனங்களும் அனுமதி கேட்கின்றன. சதுப்பில் எழும் அந்த வீடுகள் யாருக்கு? அவற்றின் விலைப்பட்டியலைப் பார்த்தாலே போதும். அந்த வளாகங்களுக்குள் நாம் நுழையும் வழி வேலையாட்கள் வாசல் மட்டுமே. அவர்கள் மேடு எழுப்ப எழுப்ப, பள்ளத்தில் நாம் இருக்கிறோம். சதுப்பு அழிந்தால் முதலில் மூழ்குவது பெரும்பாக்கமும் செம்மஞ்சேரியும்தான். 2015இலும் 2023இலும் அதைப் பார்த்தோம். ஆகவே சதுப்பைக் காப்பது நமக்குப் பறவை பார்க்கிற வேலையாக இல்லை, வீட்டுக்குள் தண்ணீர் வராமல் காக்கிற வேலையாக இருக்கிறது. பறவையும் பிழைத்தால் நல்லதுதான், யாருக்கு வருத்தம்?

ஆனால் நம் நிபந்தனை ஒன்று உண்டு. நாளைக்கு அளந்து பார்த்து, கண்ணகி நகரும் பெரும்பாக்கமும் ஈரநிலத்தின் தாக்கப் பகுதியில் இருக்கின்றன, எனவே இவர்களை மீண்டும் எடு என்று யாரேனும் தொடங்கினால் அதை ஏற்க மாட்டோம். அரசே கொண்டுவந்து வைத்த மக்கள் ஆக்கிரமிப்பாளர்கள் ஆக முடியாது. விரும்பிப் போகிறவர்களுக்கு நகரத்துக்குள் வீடு, இருக்கிறவர்களுக்கு வடிகாலும் பாதுகாப்பும் பட்டாவும். இதைச் சேர்த்துச் சொல்லாத எந்தச் சதுப்புப் பாதுகாப்புக் கோரிக்கையிலும் நாம் கையெழுத்துப் போடக் கூடாது.

இன்னொரு காப்பு நிலம்

பாதுகாக்கப்பட்ட நிலம் என்றால் காடும் சதுப்பும் மட்டும்தானா? இதே செங்கல்பட்டு மாவட்டத்தில் 130 ஆண்டுகளுக்கு முன்னால் இன்னொரு வகைக் காப்பு நிலம் பிறந்தது.

அன்றைய செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்கீர், பறையர் மக்களின் நிலைமை குறித்து 1891இல் ஓர் அறிக்கை தந்தார். அதில் அவர் கண்டு சொன்ன முக்கியமான விஷயம், தர்க்காஸ்து முறை. தரிசு நிலம் வேண்டும் என்று அரசிடம் விண்ணப்பம் போடுவதற்குத் தர்க்காஸ்து என்று பெயர். பறையர் ஒருவர் விண்ணப்பம் போட்டால், அந்த ஊர் மிராசுதாருக்கு முன்னுரிமை உண்டு. அவர் ஆட்சேபித்தால் முடிந்தது. சேரி இருக்கும் நத்தமே தன் மிராசு என்று சொல்லி, எதிர்த்துப் பேசியவனை வீட்டைவிட்டே வெளியேற்ற முடிந்தது. அன்றைய திட்ட அனுமதி முறை அது என்று வைத்துக்கொள்ளுங்கள். விதி எல்லோருக்கும் பொது. அனுமதி மட்டும் ஒருவருக்கே கிடைக்கும்.

அதன் தொடர்ச்சியாக 1892இல் அரசாணை வந்தது. ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கென்று நிலம் ஒதுக்கப்பட்டது. மாகாணம் முழுவதும் 12 லட்சம் ஏக்கர் என்பது நாம் சொல்லிவரும் கணக்கு. அந்த நிலத்துக்கு நிபந்தனை உண்டு. பத்தாண்டுகளுக்கு விற்கவோ அடமானம் வைக்கவோ கூடாது. அதன்பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு மட்டுமே விற்கலாம். மீறினால் அரசு இழப்பீடு இல்லாமல் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். சதுப்பு நீருக்காகக் காக்கப்பட்டது, பஞ்சமி நிலம் நம் மனிதர்களுக்காகக் காக்கப்பட்டது.

இரண்டும் பறிபோன விதத்தைப் பாருங்கள். மிரட்டி எழுதி வாங்கியது, கடனுக்குப் பிடித்தது ஒரு பக்கம். 1980களில் நிலப் பதிவேடுகளை மேம்படுத்தும் திட்டம் நடந்தபோது, பழைய பதிவேட்டில் இருந்த நிபந்தனைக் குறிப்பு புதிய பதிவேட்டில் ஏறாமலே போனது மறு பக்கம். குறிப்பு மறைந்ததும் அது சாதாரணப் பட்டா. அதன்பின் மனைப்பிரிவு, கல்லூரி, தொழிற்சாலை, அடுக்குமாடி. சதுப்பில் எல்லையை அளக்காமல் விட்டார்கள், பஞ்சமியில் நிபந்தனையை எழுதாமல் விட்டார்கள். விட்ட இடத்தில் அனுமதி முளைக்கிறது. காரணை மக்கள் 1994இல் கேட்டது இதைத்தான்: எங்கள் நிலத்தின் மீது எழுதியிருந்த எழுத்தை அழித்தது யார்?

1947இல் பாபாசாகேப் அம்பேத்கர் அரசியல் நிர்ணய சபைக்கென்று தயாரித்த 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' ஆவணத்தில், பட்டியல் சாதியினருக்குத் தனிக் குடியேற்றங்கள் அமைக்கவும், அதற்காக அரசின் தரிசு நிலங்களை ஒதுக்கவும் ஒரு குடியேற்ற ஆணையம் வேண்டும் என்று கேட்டார். சாதி இந்துக் கிராமத்தின் நிழலிலிருந்து வெளியேறி, சொந்தமாக உழுது வாழ்வதற்கான நிலம் அது. பெரும்பாக்கத்தைக் காட்டி, 'தனிக் குடியிருப்புத்தானே கேட்டீர்கள், கொடுத்துவிட்டோம்' என்று யாரும் சொல்ல முடியாது. அவர் கேட்டது பிழைப்போடு கூடிய நிலம். நமக்குத் தரப்பட்டது பிழைப்பைப் பறித்துக்கொண்ட பிறகு ஒரு கதவு எண்.

நாம் கேட்பது

எனவே நாங்கள் நான்கு கோரிக்கைகளை உங்கள் முன் வைக்கிறோம். விவாதியுங்கள், திருத்துங்கள்.

ஒன்று. சதுப்பின் எல்லையை சர்வே எண் வாரியாக அளந்து, தமிழில் அச்சிட்டு, ஒவ்வொரு கிராம நிர்வாக அலுவலகத்திலும் வார்டு அலுவலகத்திலும் ஒட்ட வேண்டும்.

இரண்டு. ஆயிரம் வீடுகளுக்கு அனுமதி தருவதற்கு முன்னால், அந்த நீர் போகும் வழியில் இருக்கும் மக்களைக் கூட்டிக் கேட்க வேண்டும். அடுக்குமாடிகளுக்கான விலக்கு நீங்க வேண்டும்.

மூன்று. நகரத்துக்குள் இருப்பவர்களுக்கு நகரத்துக்குள்ளேயே வீடு. 1971ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னதைச் செய்தால் போதும்.

நான்கு. திட்ட அனுமதிக்கு இத்தனை துறைகளிடம் தடையின்மைச் சான்று கேட்கிறார்களே, அதில் இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். 1980களுக்கு முந்தைய பதிவேட்டைப் பார்த்து, இந்த சர்வே எண் பஞ்சமி நிலம் அல்ல என்று வருவாய்த்துறை சான்று தர வேண்டும். விமானம் இடிக்காது என்று சான்று கேட்கும் அரசு, இந்த நிலம் யாரிடமிருந்தும் பறிக்கப்பட்டதில்லை என்ற சான்றையும் கேட்கட்டும்.

மூன்றாவது முழுமைத் திட்டம் தயாராகி வருகிறது. அடுத்த இருபது ஆண்டுகளுக்கு எந்த சர்வே எண்ணுக்கு என்ன நிறம் என்பதை அது முடிவு செய்யும். வரைவு வெளியாகும்போது ஆட்சேபம் சொல்ல நாள் தருவார்கள். அந்த நாளை இந்த முறை நாம் தவற விடக் கூடாது. மாணவர்களிடம் நாங்கள் கேட்பது பெரிய தியாகம் எதுவும் இல்லை. அ-பதிவேடு படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். புல வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு உங்கள் ஊரை ஒரு முறை நடந்து பாருங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் பழைய பதிவேட்டின் நகலைக் கேளுங்கள். ஒரு மாணவர் ஒரு கிராமம் என்று எடுத்துக்கொண்டால், இந்த அரங்கில் இருப்பவர்களே ஒரு வட்டத்தை முடித்துவிடலாம்.

எழுதுகிற தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. இது இலக்கிய அரங்கு. சேரியையும் வயலையும் ஊர்த்தெருவையும் நம் எழுத்து எழுதியிருக்கிறது. தமிழ்ப்பிரபாவின் 'பேட்டை' சிந்தாதிரிப்பேட்டையின் வாழ்க்கையை நாவலாக்கியது. அங்கிருந்து லாரியில் ஏற்றப்பட்ட பிறகு நடக்கும் வாழ்க்கை நம்மிடம் இன்னும் நிறைய எழுத்தைக் கேட்கிறது. லிஃப்ட் ஓடாத நாளில் இறந்தவரை ஏழாம் மாடியிலிருந்து எப்படி இறக்குகிறார்கள்? பறையடிக்க இடம் எங்கே? விலாசத்தைச் சொன்னதும் வேலை இல்லை என்று சொல்லப்பட்ட பையன் அடுத்த நேர்காணலில் என்ன விலாசம் சொல்கிறான்? இவற்றை அங்கே வளரும் பிள்ளைகளே எழுதுவார்கள். அவர்களுக்கு நம் இதழ்களில் பக்கம் ஒதுக்கி வைப்போம்.

ஆறாம் மாடிப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்த அந்த அக்கா, நாங்கள் கிளம்பும்போது ஒன்று கேட்டார். "நீங்க படிச்ச பசங்க. அந்த மேட்டுக்கு யாரு கையெழுத்து போட்டதுன்னு பாத்து சொல்லுங்க." அன்றைக்கு எங்களால் சொல்ல முடியவில்லை. இன்றைக்கு, எத்தனை கையெழுத்துகள், எந்தெந்த மேசையில், எந்த வரிசையில் விழுகின்றன என்பதையாவது தெரிந்துகொண்டிருக்கிறோம். ஜான் தாமஸும் ஏழுமலையும் கேட்டதும் இதே கணக்குத்தான். கணக்கை முடிக்காமல் நாம் கலையக் கூடாது.

ஜெய்பீம்.